மேலறைச் சுவரில் ஓர் ஓட்டை: ஓடி விளையாடும் குழந்தைக்கு வைத்தியம் எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது; எடை 16 கிலோ. காய்ச்சலுக்காகக் காட்டப் போன இடத்தில், மருத்துவர் அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொன்னார். இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே, 'செகண்டம் ஏ.எஸ்.டி.' என்ற வகையில், 14 மில்லிமீட்டர் ஓட்டை இருப்பதாகவும், வலப்பக்க அறைகள் விரிந்திருப்பதாகவும் அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். தொடை ரத்தக்குழாய் வழியாக 'டிவைஸ்' என்ற சிறு மூடியை வைத்து மூடிவிடலாம் என்கிறார் இதயநோய் நிபுணர். ஆனால் குழந்தை நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறாள். மூச்சு வாங்குவதில்லை, உடம்பு நீலம் பாரிப்பதும் இல்லை. வளர வளரத் தானாக மூடிக்கொள்ளும் என்கிறார் என் மாமியார். நன்றாக இருக்கும் குழந்தையை ஏன் தொட வேண்டும் என்கிறார் கணவர். பிறந்தபோதே இதை ஏன் யாரும் கண்டுபிடிக்கவில்லை? கர்ப்ப காலத்தில் நான் செய்த தவறு ஏதேனும் காரணமா? அவளை ஓட விடலாமா? இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். அதற்கும் இப்படி வருமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், அவற்றுக்கெல்லாம் அடியில் கிடப்பது உங்கள் கணவருடைய கேள்விதான். நோயின் சாயலே இல்லாத குழந்தைக்கு வைத்தியம் எதற்கு என்று அவர் கேட்பதில் தவறில்லை. நானும் ஒரு தகப்பனாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அதையே கேட்டிருப்பேன். அதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்பதால், உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

'இதயத்தில் ஓட்டை' என்ற சொல்லே முதலில் நம்மைத் தவறான பக்கம் இழுத்துவிடுகிறது. ஓட்டைக் குடத்திலிருந்து தண்ணீர் ஒழுகுவதைப்போல இதயத்திலிருந்து ரத்தம் கசிவதாகப் பலர் எண்ணிக்கொண்டு, இரவெல்லாம் குழந்தையின் மார்பில் கையை வைத்துப் பார்த்தபடி விழித்திருக்கிறார்கள். ஒரு சொட்டு ரத்தமும் வெளியே போவதில்லை. இதயத்தில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு அறைகள் இருப்பதும், உடலைச் சுற்றிவந்த ரத்தம் வலது மேலறைக்கு வந்து, வலது கீழறை வழியாக நுரையீரலுக்குப் போய், ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டு இடது மேலறைக்குத் திரும்பி, இடது கீழறையிலிருந்து மறுபடி உடலுக்குப் போவதும் நீங்கள் பள்ளியில் படித்தவைதான். இரண்டு மேலறைகளையும் பிரிக்கும் மெல்லிய சுவரில்தான் உங்கள் மகளுக்கு ஒரு பகுதி உருவாகாமல் விடுபட்டிருக்கிறது. அதன் வழியே, நுரையீரலிலிருந்து ஆக்சிஜனோடு திரும்பிவந்த ரத்தத்தில் ஒரு பங்கு உடலுக்குப் போகாமல் வலது மேலறைக்குள் சரிந்து, மறுபடியும் நுரையீரலுக்கே போய்விடுகிறது.

அதாவது, போன வேலையையே திரும்பப் போய்ச் செய்கிற ரத்தம். எடுத்துக்காட்டாக, உடலுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் ரத்தம் போகிறது என்று வைத்துக்கொண்டால், நுரையீரலுக்கு 4 லிட்டர் போய்க்கொண்டிருக்கலாம். அந்த அதிகப்படியான 2 லிட்டரைத் தள்ளும் பொறுப்பு வலது கீழறையின் தலையில் விழுகிறது. நுரையீரலுக்குப் போகும் ரத்தம் உடலுக்குப் போவதைப்போல ஒன்றரை மடங்கு அல்லது அதற்கு மேல் இருந்தால், அந்த ஓட்டையைப் பொருட்படுத்த வேண்டிய ஓட்டை என்று நாங்கள் கொள்கிறோம். நீலம் பாரிக்காததற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தம்தான் மற்றதோடு போய்க் கலக்கிறதே தவிர, ஆக்சிஜன் குறைந்த ரத்தம் உடலுக்குப் போகும் பாதையில் வந்து கலப்பதில்லை. ஆகவே உதடும் நகமும் சிவப்பாக இருப்பது, ஓட்டை சிறியது என்பதற்குச் சான்றாகாது.

ரத்தம் ஏன் இடமிருந்து வலமாகப் போக வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. இடது கீழறை உடல் முழுவதற்கும் ரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால் அதன் தசை தடித்தது, விறைப்பானது. வலது கீழறை பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் அனுப்புவதால் மெல்லியது, எளிதில் நெகிழ்வது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே கீழறைகள் தளரும் நேரத்தில் எந்த அறை இடம் கொடுக்கிறதோ அந்தப் பக்கம் ரத்தம் சாய்கிறது. பிறந்தபோதே ஏன் கண்டுபிடிக்கவில்லை என்ற உங்கள் கேள்விக்குப் பாதி விடை இது. கருவில் இருக்கும்போது வலது கீழறையும் இடதைப்போலவே தடித்திருக்கும். பிறந்த சில வாரங்கள், மாதங்கள் கழிந்த பிறகே அது மெலிந்து நெகிழத் தொடங்கும். அதுவரை ஓட்டை இருந்தாலும் அதன் வழியே பெரிதாக ரத்தம் போவதில்லை.

மீதிப் பாதி, அந்தச் சத்தத்தைப் பற்றியது. உங்கள் மகளின் நெஞ்சில் மருத்துவருக்குக் கேட்ட முணுமுணுப்பு ஓட்டையிலிருந்து வருவதன்று. இரண்டு மேலறைகளுக்கும் இடையே அழுத்த வேறுபாடு மிகக் குறைவு என்பதால் ரத்தம் ஓசையில்லாமல் நழுவிப் போகிறது. வழக்கத்தைவிட அதிக ரத்தம் நுரையீரல் தமனியின் வால்வைக் கடக்கும்போது எழும் மெல்லிய ஓசைதான் அது. அதோடு இன்னொன்றும் உண்டு. 'லப்-டப்' என்பதில் இரண்டாவது ஒலி, இரண்டு வால்வுகள் அடுத்தடுத்து மூடுவதால் உண்டாவது. மற்றக் குழந்தைகளுக்கு மூச்சை இழுக்கும்போது அது 'ட-டப்' என்று பிளந்து, மூச்சை விடும்போது மறுபடி ஒன்றாகச் சேர்ந்துவிடும். இந்த ஓட்டை உள்ள குழந்தைக்கு மூச்சை இழுத்தாலும் விட்டாலும் அந்தப் பிளவு அப்படியே நிற்கும். அழுது முரண்டு பிடிக்கும் கைக்குழந்தையிடம் இதைக் கேட்டுவிடுவது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள். காய்ச்சலோடு வந்த நான்கு வயதுக் குழந்தையிடம், காய்ச்சலால் இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், உங்கள் மருத்துவர் பொறுமையாகக் காது கொடுத்து இதைப் பிடித்திருக்கிறார். அவருக்கு நீங்கள் நன்றி சொல்லலாம். முன்பு பார்த்தவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று முடிவுகட்டத் தேவையில்லை.

இனி, உங்கள் மாமியார் சொன்னது. அது கட்டுக்கதை அன்று. கருவிலிருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இதே சுவரில் ஒரு திறப்பு இருந்தே ஆக வேண்டும். நுரையீரல் இன்னும் வேலை செய்யாத நிலையில், நஞ்சுக்கொடியில் ஆக்சிஜன் பெற்று வரும் ரத்தம் அந்தத் திறப்பின் வழியாகத்தான் இடப்பக்கம் போய் மூளையை எட்டுகிறது. குழந்தை பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் அழுத்தம் மாறி, திறப்பின் மேலிருக்கும் மெல்லிய மடல் கதவைப்போல் சாத்திக்கொண்டு, பின்னர் ஒட்டிவிடும். ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்கு அது முழுமையாக ஒட்டாமலேயே வாழ்நாள் முழுவதும் இருக்கும். பெரும்பாலோருக்கு அதனால் எந்தத் தொல்லையும் வருவதில்லை. ஆனால் அது ஒட்டாத கதவு. உங்கள் மகளுடையது சுவரே உருவாகாத இடம். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் 'எங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இருந்தது, தானாகச் சரியாகிவிட்டது' என்ற பேச்சு உலவுகிறது.

உண்மையான ஓட்டைகளிலும் சில தாமாக மூடிக்கொள்கின்றன. கைக்குழந்தைப் பருவத்தில் கண்டுபிடிக்கப்படும் 5 மில்லிமீட்டருக்கும் குறைவான ஓட்டைகள் முதல் சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் மூடிவிடும். அவற்றை நாங்கள் தொடுவதில்லை, அவ்வப்போது எக்கோ பார்த்துக்கொண்டு காத்திருப்போம். 8 அல்லது 10 மில்லிமீட்டரைத் தாண்டியவை அப்படி மூடுவது அரிது. நான்கு வயதில் 14 மில்லிமீட்டர் இருக்கும் ஓட்டை இனிமேல் தானாக மூடும் என்று எதிர்பார்க்க இடமில்லை. இதயம் வளரும்போது அதுவும் சேர்ந்து பெரிதாகக்கூடும்.

இருந்தாலும், உங்கள் அறிக்கையில் நான் முக்கியமாகக் கருதுவது 14 என்ற எண்ணையன்று. 'வலப்பக்க அறைகள் விரிந்துள்ளன' என்ற வரிதான் இந்த வழக்கில் தீர்ப்பு. மில்லிமீட்டர் கணக்கு ஓட்டையின் அளவைச் சொல்கிறது. அறையின் விரிவோ, அந்த ஓட்டை இதுவரை என்ன வேலை பார்த்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. அடுத்த முறை எக்கோ எடுக்கும்போது உங்கள் கணவரையும் உள்ளே அழைத்துச் செல்லுங்கள். திரையில் நான்கு அறைகளும் தெரியும் காட்சி வரும்போது, எது வலது, எது இடது என்று காட்டச் சொல்லுங்கள். வலது கீழறை இடதைவிடச் சிறியதாகத் தெரிவதுதான் இயல்பு. உங்கள் மகளுக்கு அது இடதுக்குச் சமமாகவோ பெரிதாகவோ தெரியும். வண்ணத்தைப் போட்டதும் நடுச்சுவரின் இடைவெளி வழியாக ஒரு நிறப்பட்டை ஒவ்வொரு துடிப்பிலும் அகலமாகப் பாய்வதையும் பார்க்கலாம். எத்தனையோ தகப்பன்மார் என் பேச்சில் நம்பாததை அந்த அரை நிமிடத் திரையில் நம்பியிருக்கிறார்கள்.

அந்த வலது அறை இந்தச் சுமையைக் குழந்தைப் பருவம் முழுவதும், பல சமயம் இளமை முழுவதும், முணுமுணுக்காமல் சுமந்துவிடும். சில குழந்தைகளுக்கு அடிக்கடி சளி பிடிக்கும், எடை சற்றுக் குறைவாக ஏறும், அவ்வளவுதான். இந்தக் குறையின் குணமே அப்படி. இளம் வயதில் தொல்லை தராமல் இருந்துவிட்டு, கணக்கை நடுவயதில் கேட்கும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று நாற்பதைக் கடந்த ஒருவர் வருவார். 'சின்ன வயதில் ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கியவன் டாக்டர் நான்' என்பார். எக்கோவில் இதே ஓட்டை இருக்கும். பல்லாண்டுகள் விரிந்துகிடந்த மேலறையில் மின்னோட்டம் தாறுமாறாகி, இதயம் ஒழுங்கற்றுத் துடிக்கத் தொடங்கியிருக்கும். அந்த வயதில் ஓட்டையை மூடினால் மூச்சுத் திணறல் குறையும், அறையும் ஓரளவு சுருங்கும். ஆனால் கெட்டுப்போன துடிப்பு ஒழுங்குக்குத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. காலில் உண்டாகும் சிறு ரத்தக்கட்டி ஒன்று, நுரையீரலில் வடிகட்டப்படாமல், ஓட்டை வழியே இடப்பக்கம் கடந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்குவதும் உண்டு. அது அடிக்கடி நடப்பதன்று என்றாலும் நடக்கிறது.

இன்னும் ஒன்று, எண்ணிக்கையில் குறைவு, விளைவில் கொடியது. ஆண்டுக்கணக்காக அதிக ரத்தத்தைத் தாங்கிய நுரையீரல் ரத்தக்குழாய்கள் சிலருக்குத் தடித்து இறுகிவிடுகின்றன. வலப்பக்க அழுத்தம் இடப்பக்கத்தை மிஞ்சிவிட்டால் ரத்தம் வலமிருந்து இடமாகத் திரும்பி ஓடத் தொடங்கும்; அப்போதுதான் உடல் நீலம் பாரிக்கும். அந்தக் கட்டத்தில் ஓட்டையை மூடுவது உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் திணறும் வலது கீழறைக்கு அந்த ஓட்டைதான் மிஞ்சியிருக்கும் ஒரே வடிகால். நீலம் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள், மூடக்கூடாத நாள் வரும்வரை காத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். மாறாக, 25 வயதுக்குள் மூடிக்கொண்டவர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்ததில், அவர்களுடைய ஆயுள் மற்றவர்களுடையதைப் போலவே இருந்தது. உங்கள் கணவருக்கு என் விடை இதுதான்: குழந்தை நன்றாக இருக்கிறாள் என்பது, மூடாமல் இருப்பதற்கான காரணம் அன்று, இப்போது மூடினால் அவள் இப்படியே இருப்பாள் என்பதற்கான காரணம்.

அவசரம் உண்டா என்றால், இல்லை. நாளை மறுநாள் செய்தாக வேண்டிய காரியம் அன்று இது. வழக்கமாக மூன்று முதல் ஐந்து வயதுக்குள், சளி காய்ச்சல் இல்லாத ஒரு நல்ல வாரமாகப் பார்த்துச் செய்வோம். டிவைஸ் முறைக்கு எடை 15 கிலோ இருப்பது வசதி. உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள். இரண்டு மூன்று மாதங்கள் தள்ளிப்போனால் ஒன்றும் கெட்டுவிடாது. 'பத்தாம் வகுப்பு முடியட்டும்' என்று தள்ளுவதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

அந்த டிவைஸைக் கையில் வைத்துப் பார்த்தால் பலருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். நிக்கலும் டைட்டானியமும் கலந்த மெல்லிய கம்பியால் பின்னிய இரண்டு சிறு தட்டுகள், நடுவே ஒரு குறுகிய இடுப்பு, உள்ளே துணி. இழுத்தால் நூலைப்போல நீண்டு மெல்லிய குழாய்க்குள் புகுந்துவிடும். விட்டால் பழைய வடிவத்துக்கே வந்துவிடும். குழந்தைக்கு மயக்கம் கொடுத்து, தொடையின் மேற்பகுதியிலுள்ள சிரை வழியாகக் குழாயைச் செலுத்தி, ஓட்டையைக் கடந்து இடது மேலறைக்குப் போய் முதல் தட்டை விரிப்பார்கள். பின்னுக்கு இழுத்துச் சுவரோடு அணைத்து, வலப்பக்கத்தில் இரண்டாம் தட்டை விரிப்பார்கள். சட்டைப் பொத்தான் துளையின் இருபுறமும் பிடிப்பதைப்போல அது சுவரைக் கவ்விக்கொள்ளும். உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோவில் இவை அனைத்தையும் பார்த்தபடியேதான் செய்வார்கள். இதில் எனக்குப் பிடித்த கட்டம் ஒன்று உண்டு: கம்பியிலிருந்து டிவைஸைக் கழற்றுவதற்கு முன் அதை முன்னும் பின்னும் தள்ளி இழுத்துப் பார்ப்பார்கள்; பிடிப்பில் சிறிது ஐயம் இருந்தாலும் மறுபடி குழாய்க்குள் இழுத்து வெளியே எடுத்துவிடலாம். திருகிக் கழற்றும் வரை எதுவும் முடிந்துபோனதாகாது.

எல்லா ஓட்டைக்கும் இம்முறை பொருந்தாது. சுவரின் நடுப்பகுதியில் வரும் செகண்டம் வகைக்கு மட்டுமே பொருந்தும்; அதிலும் தட்டு பற்றிக்கொள்ளச் சுற்றிலும் போதிய விளிம்பு வேண்டும். கீழ்ப்பகுதியில் வால்வுகளை ஒட்டி வரும் வகைக்கும், மேலே பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில் வரும் வகைக்கும் பொதுவாக அறுவை சிகிச்சைதான். ஆகவே உங்கள் நிபுணரிடம் நீங்கள் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி, 'விளிம்புகள் போதுமா?' என்பது. போதாது என்று தெரியவந்தால் மனம் தளர வேண்டாம். நெஞ்சைத் திறந்து, இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு, பெரும்பாலும் இதயத்தைச் சுற்றியுள்ள உறையிலிருந்தே ஒரு துண்டை எடுத்து ஒட்டுப் போடும் அறுவை சிகிச்சை மிகப் பழகிப்போன ஒன்று. இதயத்தைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சையின் வரலாறே இந்த ஓட்டையில்தான் தொடங்குகிறது: 1952-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜான் லூயிஸ், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலைக் குளிர்வித்து, சில நிமிடங்களுக்குள் இதே ஓட்டையைத் தைத்து மூடினார், அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், தாம் உருவாக்கிய இதய-நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு 18 வயதுப் பெண்ணுக்குச் செய்து வெற்றி கண்டதும் இதே சிகிச்சைதான்.

டிவைஸ் முறையில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அரிதாக, நூற்றில் ஒருவர் அளவில், டிவைஸ் இடம்பெயரலாம். அதைக் குழாய் வழியாகவோ அறுவை சிகிச்சை செய்தோ எடுக்க வேண்டிவரும். சிலருக்குத் துடிப்பு சிறிது காலம் தடுமாறலாம். மிக மிக அரிதாக, டிவைஸின் விளிம்பு இதயச் சுவரை உரசி அரிக்கலாம். எனவே சிகிச்சைக்குப் பிறகு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம் எது வந்தாலும், மாதங்கள் கழிந்திருந்தாலும், உடனே காட்ட வேண்டும். நிக்கல் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பெரும்பாலான குழந்தைகள் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுவார்கள். பிறகு ஏறக்குறைய ஆறு மாதங்கள் சிறிய அளவில் ஆஸ்பிரின் கொடுப்பார்கள். அதற்குள் இதயத்தின் உட்சவ்வு டிவைஸின் மேல் வளர்ந்து மூடிவிடும். அந்த ஆறு மாதங்களில் பல் சிகிச்சை எதுவானாலும் முன்னதாக ஆன்டிபயாடிக் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் எடுக்கும் குழந்தைக்குச் சின்னம்மையோ ஃப்ளூவோ வந்தால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். சின்னம்மைத் தடுப்பூசி பாக்கியிருந்தால் சிகிச்சைக்கு முன்பே போட்டுவிடுவது பற்றியும் பேசுங்கள். பலர் மறந்துவிடும் விஷயம் இது.

ஓட விடலாமா என்றால், தாராளமாக. மூடும் நாள் வரை அவள் தன் வயதுப் பிள்ளைகளைப்போல ஓடட்டும், குதிக்கட்டும். சோர்ந்தால் தானே உட்கார்ந்துகொள்வாள். பத்தியமோ சத்து டானிக்கோ இந்த ஓட்டையை ஒன்றும் செய்யாது. மூடிய பிறகு சில வாரங்கள் மட்டும் நெஞ்சில் அடிபடும் விளையாட்டுகளைத் தவிர்த்தால் போதும்.

கர்ப்ப காலத்தில் தவறு செய்தீர்களா என்று கேட்டிருந்தீர்கள். இந்தச் சுவர் உருவாவது கருவின் நான்காம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில்; பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே அப்போதுதான் உறுதியாகும். தாய்க்கு வரும் ருபெல்லா அம்மை, மது, சில மருந்துகள், சில மரபணு மாற்றங்கள் ஆகியவை இதயக் குறைகளுக்குக் காரணமாகலாம் என்பது தெரிந்ததே. ஆனால் உங்கள் மகளைப் போன்ற பெரும்பாலான குழந்தைகளிடம் சுட்டிக்காட்ட ஒரு காரணமும் இருப்பதில்லை. வேலைக்குப் போனது, படி ஏறியது, கவலைப்பட்டது, சரியாகச் சாப்பிடாதது எதுவும் காரணம் அன்று. வீட்டில் யாரேனும் அப்படிச் சொன்னால் இந்த வரியைக் காட்டுங்கள்.

அடுத்த குழந்தைக்கு ஏதேனும் இதயக் குறை வரும் வாய்ப்பு, பொதுவாக நூற்றில் ஒன்றாக இருப்பது, உங்களுக்கு இரண்டு மூன்றாகக் கூடும். அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாய்ப்பு நல்லபடியாக இருப்பதற்கே. கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் கருவின் இதயத்தை எக்கோ பார்க்கச் சொல்வார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய குறைகளை அது காட்டிவிடும். ஆனால் இந்த ஓட்டையைப் பொறுத்தவரை அதில் 'இல்லை' என்று வந்தாலும் அதை முடிவாகக் கொள்ள வேண்டாம். கருவில் அதே சுவரில் இயற்கையான திறப்பு இருப்பதால், எது திறப்பு, எது ஓட்டை என்று அப்போது பிரித்துச் சொல்வது கடினம். குழந்தை பிறந்து சில மாதங்கள் கழித்து, திறப்பு மூடியிருக்க வேண்டிய காலத்தில், ஒருமுறை எக்கோ எடுத்துப் பாருங்கள்.